அறுபத்தேழு குடம் தண்ணீர்

1

"சார், இது ஓடின பீஸ் இல்ல. நின்ன பீஸ்."

கடைக்காரர் இதைச் சொன்ன விதத்தில் ஒரு தொழில் நேர்மை இருந்தது. சென்னையில் ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் குளியலறைச் சாமான் விற்கும் ஷோரூம் அது. நான் எதிரில் நின்றுகொண்டிருந்தது நான்கு பேர் உட்காரக்கூடிய ஒரு ஹாட் டப்புக்கு. வெந்நீர்த் தொட்டி என்று தமிழில் சொன்னால் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி ஞாபகம் வந்துவிடும் என்பதால் கடைக்காரர் சொன்ன பெயரையே வைத்துக்கொள்கிறேன். இரண்டு வருடமாக ஜன்னலோரம் நின்றதில் வெயில் பட்ட பக்கம் மட்டும் அக்ரிலிக் கொஞ்சம் வெளுத்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் செடி ஒன்றும் சுருட்டி வைத்த இரண்டு வெள்ளைத் துண்டுகளும். புதிய விலையில் நாற்பது சதவிகிதம் தள்ளுபடி.

"தண்ணி ஊத்தி ஓட்டிக் காட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

"டிஸ்ப்ளே பீஸ்ல தண்ணி ஊத்த மாட்டோம் சார்."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் சிரித்தார். டிஸ்ப்ளே பீஸ் புதுசும் இல்லை, பழசும் இல்லை. கல்யாணம் நின்றுபோன பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பற்றிப் பேசுகிறார்கள். குறை ஒன்றும் இல்லை, ஆனால் விலை குறைவு. மென்பொருள் எழுதுகிறவனுக்கு இந்தச் சாதனங்கள் மேல் ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் துறையிலும் டெமோவுக்கு என்றே எழுதிய புரோகிராம்கள் இருக்கின்றன. அவற்றின் எல்லாப் பொத்தான்களும் அழகாக அழுங்கும். பின்னால் எதுவும் ஓடாது.

மூன்று முறை போய் வந்து, முன்பணம் கட்டினால் ஓட்டிக் காட்டுகிறேன் என்ற இடத்துக்கு அவரைக் கொண்டுவந்தேன். தண்ணீர் நிரப்பி அரை மணி நேரத்தில் பம்ப் அருகே தரை நனைய ஆரம்பித்தது. இரண்டு வருடம் தண்ணீரே பார்க்காத ரப்பர் வாஷர்கள் காய்ந்து வெடித்திருந்தன. ஓடாமல் நின்றதுதான் அதன் நோய். வாஷர்களை மாற்றித் தருவதாகவும், வாரண்டி ஒரு வருடம் மட்டும்தான் என்றும் பேசி முடித்தோம். சீரியல் நம்பரையும் வாரண்டி தொடங்கும் தேதியையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டேன். யாராவது டிஸ்ப்ளே பீஸ் வாங்குவதாக இருந்தால், இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு எதற்கு ஹாட் டப்? எனக்கில்லை. அம்மாவுக்கு.

அம்மா ஜவ்வாது மலையில் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். பல வருடங்கள் மேலே தங்கிப் பாடம் நடத்தி, ஓய்வுபெற்ற பின் அடிவாரத்தில் ஆலங்காயத்தில் இருக்கிறார். ஒன்பது வருடங்களாக முடக்குவாதம். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல இது. உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுகளையே எதிரியாக நினைத்துத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரம் விரல்கள் மடங்காது. சாக்பீஸ் பிடித்த விரல்கள். யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா முந்தானையைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொள்வார். மருத்துவர், மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஆனால் காலையில் வெந்நீர் ஒத்தடம் நல்லது, முடிந்தால் உடம்பு முழுக்க வெந்நீரில் இருப்பது இன்னும் நல்லது என்றார். அன்று இரவு உட்கார்ந்து ஹாட் டப்பின் கதையைத் தேட ஆரம்பித்தேன். வாங்குவதற்காகத் தேடியது, படிப்பதற்கான கதையாகிவிட்டது.

2

ஜக்கூசி என்பது ஒரு பொருளின் பெயர் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது ஒரு குடும்பத்தின் பெயர். வடகிழக்கு இத்தாலியில் ஃப்ரியூலி பகுதியில் ஒரு விவசாயக் குடும்பம். ஏழு மகன்கள், ஆறு மகள்கள். 1907 முதல் பிள்ளைகள் ஒவ்வொருவராக அமெரிக்கா போனார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1915இல் ஜக்கூசி சகோதரர்கள் என்ற பட்டறை தொடங்கியது. அவர்கள் செய்தது குளியல் தொட்டி அல்ல, விமானத்தின் மரச் சுழல்விசிறி. முதல் உலகப் போர்க் காலம். விசிறி நன்றாக விற்றது. அடுத்து விமானமே செய்யலாம் என்று இறங்கினார்கள். பயணிகள் மூடிய அறைக்குள் உட்கார்ந்து பறக்கும் ஒற்றைச் சிறகடுக்கு விமானம். ஜே-7 என்று பெயர்.

1921 ஜூலையில் மொடெஸ்டோ ஊருக்கு அருகே அந்த விமானம் விழுந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் இறந்தார்கள். அதில் ஒருவர் ஜொக்கோண்டோ ஜக்கூசி, ஏழு சகோதரர்களில் ஒருவர். அதன்பின் குடும்பம் விமானத் தொழிலை விட்டது.

பட்டறை இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது, செய்ய ஒன்றும் இல்லை. மூத்த சகோதரர்களில் ஒருவரான ராக்கெலே, காற்றைப் பற்றித் தெரிந்ததைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தார். 1926 வாக்கில் அவர் உருவாக்கியது ஆழ்கிணற்று ஜெட் பம்ப். குடும்பத்தை இரண்டாம் முறை நிமிர்த்தியது அதுதான். கலிஃபோர்னியா விவசாயிகள் வாங்கினார்கள்.

ஏழு பேரில் கடைசித் தம்பி கந்தீதோ. அவருடைய மகன் கென்னத் 1941இல் பிறந்தவன். இரண்டு வயதில் தொண்டைத் தொற்று ஒன்றுக்குப் பின் முடக்குவாதம் வந்தது. குழந்தைகளுக்கு வரும் வகை. மருத்துவமனையில் சுழல்நீர்த் தொட்டியில் வைத்து சிகிச்சை தந்தார்கள். அதில் இருக்கும்போது மட்டும் பையனின் வலி குறைந்தது. ஆனால் சிகிச்சை வாரத்தில் சில முறைதான். பம்ப் செய்கிற அப்பா அந்தத் தொட்டியைப் பார்த்தபோது என்ன பார்த்திருப்பார் என்று எனக்குப் புரிகிறது. அவர் பார்த்தது ஒரு பம்பை. இதை நாமே செய்யலாமே என்று தோன்றியிருக்கும். வீட்டுக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கக்கூடிய ஒரு சிறிய பம்பைச் செய்தார். மகனுக்காகச் செய்த அந்தச் சாதனம் 1950களின் நடுவில் ஜே-300 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மருந்துக் கடைகளிலும் மருத்துவ உபகரணக் கடைகளிலும்தான் முதலில் கிடைத்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மாவுக்கு இருப்பதன் குழந்தை வடிவம்தான் அந்தப் பையனுக்கு இருந்திருக்கிறது. ஷாம்பெயின் கோப்பையோடு சினிமாவில் பார்த்த பொருள், நோயாளி ஒருவனுக்காகப் பிறந்திருக்கிறது.

3

ஜெட் பம்பை விட்டுவிட்டு மேலே போக முடியாது. ஏனென்றால் அது நம்ம ஊர்க் கதை.

கிணற்றுக்கு மேலே மோட்டாரை வைத்து உறிஞ்சினால் தண்ணீர் எவ்வளவு ஆழத்திலிருந்து வரும்? எவ்வளவு பெரிய மோட்டாராக இருந்தாலும் பத்து மீட்டர்தான். காரணம், மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றை அது குறைக்கிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. வளிமண்டலத்தின் பலம் பத்து மீட்டர். நடைமுறையில் ஏழு, எட்டு மீட்டர் கிடைத்தால் பெரிது. கவலை ஏற்றத்துக்கு இந்தத் தடை இல்லை. மாடு எவ்வளவு தூரம் நடக்கிறதோ அவ்வளவு ஆழம். மின்மோட்டார் வந்த பின் நீர்மட்டம் இறங்க இறங்க, நம் விவசாயிகள் கிணற்றுச் சுவரிலேயே திட்டு கட்டி மோட்டாரை உள்ளே இறக்கினார்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பெரிய கிணறு எதை எட்டிப் பார்த்தாலும் அந்தத் திட்டுகள் படிபோலத் தெரியும். அவற்றை மேலிருந்து கீழே எண்ணினால் அந்தக் கிணறு வற்றிய வரலாறு.

ஜெட் பம்ப் இதை வேறு மாதிரி தீர்த்தது. மோட்டார் மேலேயே இருக்கும். இறங்குவது இரண்டு குழாய்கள். மேலே வந்த தண்ணீரில் ஒரு பகுதியை மோட்டார் ஒரு குழாய் வழியாகத் திரும்பக் கீழே அழுத்தி அனுப்பும். அடியில் அது ஒரு குறுகிய மூக்கு வழியாகப் பீய்ச்சும். குறுகலில் தண்ணீரின் வேகம் கூடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவுக்குள் சுற்றியிருக்கும் தண்ணீர் பாய்ந்து வரும். இரண்டும் சேர்ந்து அடுத்த குழாயில் ஏறும். வென்சுரி விதி. கல்லூரியில் இதை ஒரு கண்ணாடிக் குழாயில் செய்துகாட்டி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆலங்காயம் வீட்டுக் கொல்லையில் இரண்டு குழாயோடு நின்ற மோட்டார் அதே விதிதான் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

தமிழ்நாட்டில் பம்ப் என்றால் கோயம்புத்தூர். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகளோடு பட்டறைகளும் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார்களில் ஒன்றைச் செய்தார்கள். பெர்க்லியில் விசிறி செய்த கைகள் பம்புக்கு வந்ததுபோல, இங்கே ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்த்த கைகள் பம்புக்கு வந்தன. நம் வீடுகளில் ஜெட் மோட்டார் என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்குள் விமானம் விழுந்த ஒரு குடும்பத்தின் துக்கமும் கொஞ்சம் இருக்கிறது.

ஹாட் டப்பின் ஜெட்டும் அதேதான். ஒரே வித்தியாசம், கிணற்றில் அழுத்தக் குறைவுக்குள் தண்ணீர் பாய்கிறது. தொட்டியில் காற்று பாய்கிறது. மேல் விளிம்பில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திறந்தால் காற்று உள்ளே போய்த் தண்ணீரோடு கலந்து நுரையாக முதுகில் மோதும். காற்றுக்கென்று தனி மோட்டார் தேவையில்லை.

4

மருந்துக் கடைப் பொருள் எப்படி ஜன்னலோரக் காட்சிப் பொருளானது?

குளியலறைப் பொருள்களுக்கும் கண்காட்சிக்கும் பழைய உறவு உண்டு. 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில், பளிங்கு மாளிகையில், ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் தண்ணீர் இறங்கும் கழிப்பறைகளை அமைத்தார். ஒரு பென்னி கட்டணம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினார்கள். கோஹினூர் வைரத்தைப் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்கு ஒரு புதிய ஆசையோடு திரும்பினார்கள். 1855இல் சென்னையிலும் அதே பாணியில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. தீவுத்திடல் பொருட்காட்சியில் அப்பளத்தோடு மிக்ஸியின் செய்முறை விளக்கத்தையும் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். ஒரு பொருள் நமக்குத் தேவை என்று நமக்கே தெரிவதற்கு, அது முதலில் எங்காவது நின்றுகாட்ட வேண்டியிருக்கிறது.

ஜே-300 நின்றுகாட்டிய இடம் தொலைக்காட்சி. 1950களில் அமெரிக்காவில் 'ஒரு நாள் ராணி' என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு நிகழ்ச்சி இருந்தது. பெண்கள் வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். கணவனின் விபத்து, குழந்தையின் நோய், கடன். யாருக்குக் கைதட்டல் அதிகம் என்பதை ஒரு மீட்டர் காட்டும். ஜெயித்தவருக்குக் கிரீடமும் பரிசுகளும். பரிசுகளில் ஒன்றாக ஜக்கூசி பம்ப் வந்தது. விற்பனை கூடியது.

இந்தத் தகவல் எனக்கு ஏனோ கசந்தது. நோயுற்ற மகனுக்காக ஒரு அப்பா செய்த பொருள், நோயைக் கூட்டத்தின் முன் சொல்லிக் கைதட்டல் வாங்கியவருக்குப் பரிசாகப் போயிருக்கிறது. அங்கே டிஸ்ப்ளே பீஸ் பம்பு அல்ல, அந்தப் பெண்கள். முந்தானைக்குள் கையை மறைக்கும் என் அம்மாவை அந்த மேடையில் நிறுத்திப் பார்த்தேன். அம்மாவுக்கு ஒரு கைதட்டலும் கிடைத்திருக்காது. வாயே திறந்திருக்க மாட்டார்.

1968இல் அடுத்த தலைமுறை வந்தது. ராய் ஜக்கூசி, பம்பைத் தொட்டிக்கு வெளியே எடுத்து, ஜெட்டுகளைத் தொட்டிச் சுவருக்குள்ளேயே பதித்தார். ரோமன் பாத் என்று பெயர் வைத்தார். பெயரிலேயே நோயாளி காணாமல் போனான், சக்கரவர்த்தி வந்துவிட்டான். கிட்டத்தட்ட அதே காலத்தில் கலிஃபோர்னிய இளைஞர்கள், ஒயின் ஆலைகள் கழித்துப்போட்ட பெரிய ரெட்வுட் மரத் தொட்டிகளில் வெந்நீர் நிரப்பி, கூட்டமாக உட்கார்ந்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் கழிவு விலைச் சாமான்தான். இந்த இரண்டும் கலந்ததுதான் இன்றைய ஹாட் டப். 1979இல் குடும்பம் கம்பெனியை விற்றது. பெயர் மட்டும் பொருளோடு ஒட்டிக்கொண்டது.

5

1968 ஜவ்வாது மலைக்கும் முக்கியமான வருடம். அந்த வருடம்தான் வைணு பாப்பு, ஆலங்காயத்துக்கு அருகே காவலூரில் வானாய்வகத்தைத் தொடங்கினார். முதல் தொலைநோக்கி 38 சென்டிமீட்டர். கொடைக்கானல் பட்டறையில் நம் ஆட்களே செய்தது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் தேதி இரவு, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வை உலகின் பல இடங்களிலிருந்து பார்த்தார்கள். அந்தக் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்பதற்குச் சான்று சேர்த்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். அதைக் கனவு கண்ட பாப்பு 1982இலேயே இறந்துவிட்டார். ஆய்வகத்துக்கு இன்று அவர் பெயர். இருட்டுக்காகத் தேர்ந்தெடுத்த மலை இது.

அம்மா மேலே வேலைக்குப் போன காலத்தில் அந்த இருட்டுக்கு வேறு அர்த்தம் இருந்தது. சாலை இல்லை, பஸ் இல்லை. மழை நன்றாகப் பெய்யும் மலைதான். செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. ஆனால் மலையில் பெய்த தண்ணீர் மலையில் நிற்காது. பாறைச் சரிவில் இறங்கிக் கீழே யாருடைய ஏரிக்கோ போய்விடும். கோடையில் பெண்கள் ஊற்றுக்கு நடந்தார்கள். முதல் மணி அடிக்கும்போது பெண்பிள்ளைகள் பாதிப் பேர் வரமாட்டார்கள், தலையில் குடத்தோடு எங்காவது சரிவில் ஏறிக்கொண்டிருப்பார்கள் என்று அம்மா சொல்வார். வருகைப் பதிவை இரண்டாவது மணிக்குத்தான் எடுப்பாராம்.

கலிஃபோர்னியாவின் ரெட்வுட் தொட்டிகளைப் பற்றி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ரெட்வுட்டைத் தமிழில் செம்மரம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் மாறியது. வேறு மரம்தான். ஆனால் இந்த மலையில் அந்தச் சொல்லை அப்படிச் சாதாரணமாகச் சொல்ல முடியாது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைக் காவல்படை சுட்டுக் கொன்றது. தமிழ்நாட்டிலிருந்து கூலிக்குப் போனவர்கள். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். வெட்டிய மரம் கடல் தாண்டிப் போய் யாருடைய வீட்டு வரவேற்பறையிலோ மேசையாக நிற்கும். வெட்டியவன் வீட்டில் அதற்குள் கருமாதி முடிந்திருக்கும். ஒரு சௌகரியம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால் ஏதாவது ஒரு மலைக்குப் போய்த்தான் நிற்கிறது. அன்று அதற்குமேல் நான் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை.

6

தொட்டி ஒரு டிசம்பர் காலையில் வாணியம்பாடி வழியாகச் சின்ன யானை வண்டியில் வந்தது. கேட்டுக்குள் நுழையவில்லை. மாமா ஒரே வார்த்தையில் முடித்தார். "செவுத்த இடிடா மாப்ள." காம்பவுண்டுச் சுவரில் நான்கடி இடித்து, எட்டுப் பேர் தூக்கி, புதிதாகப் போட்ட கான்கிரீட் மேடையில் வைத்தோம். மாடியில் வைக்கலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். தொட்டியும் ஆட்களும் சேர்ந்தால் ஒன்றரை டன்னைத் தொடும். வீட்டு மாடிகள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. எலக்ட்ரீஷியன் அண்ணன் தனி வயர் இழுத்து, கசிவு மின்சாரத்தைக் கண்டால் நொடியில் துண்டிக்கும் ஆர்சிசிபியை மாட்டி, அதன் சோதனைப் பொத்தானைத் தினமும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறையாவது அழுத்தச் சொன்னார்.

ஆயிரம் லிட்டரை 24 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 16 யூனிட் மின்சாரம். மூன்று கிலோவாட் ஹீட்டருக்கு ஐந்தரை மணி நேரம். அதன்பின் நல்ல மூடி இருந்தால் சூடு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. மூடி டிஸ்ப்ளே பீஸோடு வரவில்லை. அது காட்சிக்குத் தேவைப்படாத பாகம். தனியாக வாங்கினேன்.

எல்லாக் கணக்கையும் போட்டேன். ஒரு கணக்கைப் போடவில்லை. அதைப் போட்டவர் செல்வி அக்கா. பெயரை மாற்றியிருக்கிறேன். மலையில் அம்மாவிடம் படித்தவர், இப்போது அடிவாரத்தில் குடியிருக்கிறார். அம்மாவுக்கு வீட்டு வேலையில் உதவ வருவார். தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன கொடம் புடிக்கும் டீச்சர்?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் மனக்கணக்கு போட்டேன். குடம் பதினைந்து லிட்டர் என்றால் அறுபத்தேழு.

"அறுபத்தேழு," என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனதில் அந்த எண் நடைகளாக மாறிக்கொண்டிருப்பது தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்தது. அன்று தொட்டி நிரம்பவில்லை. மறுநாளும் நிரம்பவில்லை.

நான் வாதாடினேன். தினமும் மாற்ற வேண்டிய தண்ணீர் இல்லை அம்மா, வடிகட்டி இருக்கிறது, குளோரின் அளவு பார்த்துப் போட்டால் மூன்று மாதம் வரும். தினம் ஒரு வாளி வெந்நீரில் குளித்தாலே அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். அதற்குப் பின்னும் வீணில்லை, சில நாள் திறந்துவைத்தால் குளோரின் போய்விடும், தென்னைக்கு விடலாம். எல்லாம் உண்மை. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கணக்கு சரிதான்டா. ஆனா அந்தப் புள்ள இந்தக் கேள்விய கேட்டுச்சு பாரு, அதுக்கு இது பதில் இல்ல," என்றார்.

கடைசியில் அம்மாவே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். மழைக்காலம் முடிந்து போர்வெல்லில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் மட்டும் தொட்டி. பங்குனி பிறந்தால் தொட்டி காலி. தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டில் பிடித்துக்கொள்ளலாம், முதலில் அவர்கள், பிறகுதான் தொட்டி. இன்னொன்றையும் சேர்த்தார். மலையில் சுமை தூக்கித் தூக்கி முட்டி போன அக்காவும் இறங்கவேண்டும்.

தை மாதத்தில் ஒரு விடியற்காலை. நான் விடுமுறையில் வந்திருந்தேன். அம்மா கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். கழுத்தளவு தண்ணீரில் உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் மூட்டுகளுக்குத் தெரியும். பதினைந்து நிமிடம் கழித்து அம்மா தண்ணீருக்குள் விரல்களை மடக்கினார். முழுக்க மடங்கவில்லை. முக்கால்வாசி மடங்கின. ஒன்றரை மணி நேர வேலை கால் மணி நேரத்தில் நடந்தது. நோய் எங்கும் போகவில்லை. மாத்திரைப் பெட்டி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அன்று காலை காபி டம்ளரை அம்மா ஒரே கையால் பிடித்தார்.

அடுத்து அக்கா. புடவையோடு விளிம்பில் உட்கார்ந்து, கால்களை மட்டும் உள்ளே விட்டார். வெகுநேரம் கழித்து முட்டிவரை. நான் காற்றுத் திருகைத் திறந்தேன். நுரை பொங்கியதும் காலைச் சட்டென்று எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தக் காத்து எங்கருந்து வருது தம்பி? மோட்டார் ஊதுதா?"

இல்லை அக்கா, தண்ணீர் வேகமாகப் போகும்போது அதுவே காற்றை இழுத்துக்கொள்ளும் என்று கையால் காட்டி விளக்கினேன். அக்கா கொஞ்சம் யோசித்தார். காலை மறுபடி உள்ளே விட்டார்.

"எங்க ஊட்டுல ரெண்டு பைப்பு போட்ட மோட்டார் இருந்துச்சே, அது தண்ணிய இழுக்குற மாதிரியா?"

"அதே மாதிரிதான் அக்கா."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல," என்றார் அம்மா.